தண்ணீர் அட்டை

மார்ச் 4

இன்றும் டேப்லெட்டைத் தள்ளிவிட்டார். பக்கவாதத்தில் பேச்சு போனதிலிருந்து இவருக்கு என்ன வேண்டும் என்பதை நான்தான் ஊகிக்கிறேன், பாதி தப்பு. அதற்காகத்தான் மருமகள் டேப்லெட்டில் இந்தப் பட அட்டைகளைச் செய்து தந்தாள். படத்தைத் தொட்டால் பேசும். ஆனால் பேசுவது அவள் குரல். பேச்சுப் பயிற்சி தரும் அம்மா சொன்னார்: "பழகின குரலா இருந்தா தொடுவாரு. நீங்களே பேசிப் போடுங்க, டீச்சர்."

போட்டேன். படத்தைச் சுருக்கி, ஒலியை மாற்றி, இரண்டையும் சேர்த்து அனுப்பி — எல்லாம் கையால். இப்போது போர்வையைத் தொட்டால் "கதவைச் சாத்து" என்கிறது.

மார்ச் 6

வெளியூரிலிருந்து மருமகள் போன் செய்தாள்.

"கையால செய்யாதீங்க அத்தை. உங்க கம்ப்யூட்டர்ல பில்ட் டூல்னு ஒண்ணு போட்டிருக்கேன். எது எதுலேருந்து ஆகுது, எப்படிச் செய்யணும்னு ஒரு தடவை எழுதிக் குடுத்துட்டா போதும். அப்புறம் மாறினதை மட்டும் அதுவே திரும்பச் செய்யும்."

"ஃபெயிலான பிள்ளைக்கு மட்டும் மறுதேர்வு. பாஸானதுகளை ஏன் படுத்தணும், அதானே?"

"அத்தை, பேசாம எங்க ஆபீஸுக்கு வந்துடுங்க!"

மார்ச் 7

முதலில் தண்ணீர் அட்டைக்கு மட்டும் எழுதினேன். ஒரே கட்டளை. கறுப்புத் திரையில் வரிகள் ஓடின, அட்டை தயார். ஆசையாகத் தொட்டேன். என் குரல்: "தண்ணி வேணும்... ஐயோ, இதை எங்க அமுக்கி நிறுத்துறது?"

மானம் போயிற்று.

மார்ச் 8

சுத்தமாகப் பேசி மறுபடி பதிந்தேன். கட்டளை கொடுத்தால், செய்ய வேண்டியது எதுவும் இல்லை என்கிறது. மறுபடியும் அதே பதில். எதுவும் இல்லையா? தொண்டை வறளப் பேசியிருக்கேன், உனக்கு எதுவும் இல்லையா?

உள்ளே இவர் இருமுவது கேட்டு ஓடினேன். இருமல் இல்லை. மடியில் டேப்லெட், அதில் என் பழைய "ஐயோ", கோணிய வாயில் சிரிப்பு! நானோ, "அது தப்பா இருக்கு, குடுங்க" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 9

"படம் மாறினா செய்னு எழுதியிருக்கீங்க. குரல் மாறினாலும் செய்யணும்னு எங்க எழுதினீங்க? அதான் சும்மா இருக்கு, பாவம்" என்றாள் மருமகள்.

வினாத்தாளில் கேட்காததற்கு ஏன் விடை எழுதவில்லை என்று பிள்ளையைத் திட்டுவதுபோல் அதைத் திட்டியிருக்கிறேன். எல்லா அட்டைகளுக்கும் குரலையும் சேர்த்து எழுதினேன். உடனே ஆயிற்று.

இவர் தொட்டார். "தண்ணி வேணும்." காத்திருந்தார். மறுபடி தொட்டார். மிச்சம் எங்கே என்பதுபோல் என்னைப் பார்த்தார். பிறகு டேப்லெட்டைத் தள்ளிவிட்டார்.

திருத்தித் திருத்தி — நான் என்ன பண்ணிட்டேன்?

மார்ச் 10

பழைய பதிவையே திரும்ப வைத்துக் கட்டளை கொடுத்தேன். தண்ணீர் அட்டையை மட்டும் செய்துவிட்டு நின்றது. சமர்த்து.

மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அறையிலிருந்து என் குரலே என்னைக் கூப்பிட்டது: "தண்ணி வேணும்... ஐயோ, இதை எங்க அமுக்கி நிறுத்துறது?"

டம்ளரோடு போனேன். கண்ணில் பழைய குறும்பு. சொட்டு விடாமல் குடித்தார். ஊகித்துக் கொடுத்ததல்ல, இவர் கேட்டு நான் கொடுத்த தண்ணீர்.

மார்ச் 13

ஜன்னல் அட்டைக்குப் பேசினேன். நடுவில், வேண்டுமென்றே, ஒரு தும்மல் போட்டேன்.