பின்னால் எழுநூறு, முன்னால் அறுநூறு

12 மே 1963, ஞாயிறு

காலையில் அப்பா இரண்டு டயர்களைத் தெருவழியே உருட்டிக்கொண்டு வந்தார். ஏதோ எஸ்டேட் வேனில் கழற்றியவையாம். எங்கள் ஃபோர்டு வி-8க்கு உரியது அறுநூறு-பதினாறு. ஆறு அங்குலத் தடிமன், பதினாறு அங்குல வட்டை. இவை எழுநூறு-பதினாறு. வட்டை அதேதான், டயர் மட்டும் குண்டு. போன சீசனில் ஐந்தருவி ஏற்றத்துச் சேற்றில் பின்சக்கரம் சும்மா சுழன்றதை அப்பாவால் மறக்க முடியவில்லை. அதனால் பின்னால் குண்டு, முன்னால் ஒல்லி.

"ட்ராக்டரைப் பாரு ஏட்டி. இழுக்குத சக்கரம் பெரிசாத்தான் இருக்கணும்" என்கிறார்.

பஸ் டிரைவர் வேலையை விட்டு டாக்ஸி வாங்கி இரண்டு வருஷம். இந்த சீசனிலும் வண்டி படுத்தால் ஆலங்குளத்து புரோக்கரிடம் தள்ளிவிட்டு, பழைய பஸ் முதலாளி வாசலில் போய் நிற்க வேண்டியதுதான் என்று அம்மாவிடம் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். எனக்கும் சொன்ன மாதிரிதான்.

13 மே

மாட்டியாயிற்று. வண்டி முன்னால் குனிந்து, பின்னால் தூக்கி நிற்கிறது. சாக்பீஸ் எடுத்து டிக்கியில் எழுதினேன்: 'முன்னால் வணக்கம், பின்னால் மன்னிக்கவும்.' தெருவே படித்துச் சிரித்தது. அப்பா துண்டால் துடைத்தார். துண்டு வெள்ளையாயிற்று, முகம் சிவப்பாயிற்று.

டயர்க் கடை ஒலி முகம்மது மாமா மட்கார்டுக்குள் கையை விட்டுப் பார்த்தார். "இடம் கம்மியால்லா இருக்கு அண்ணாச்சி."

"ரெண்டு விரலு போகுதுல்லா. பொறவு என்னவே?"

19 மே

செங்கோட்டைக்கு ஒரு சவாரி, இரண்டே பேர். அப்பா விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தார். சுருதி கிடையாது. ஆனால் இந்த வருஷத்தில் இதுதான் முதல் விசில்.

26 மே, ஞாயிறு

அந்த இரண்டு விரல் என்னை விடமாட்டேன் என்கிறது. பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்தேன். டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே ஒன்றரை அங்குலம். அம்மாவைப் பின்சீட்டில் உட்காரவைத்தேன் ("எதுக்குட்டி?" "சும்மா, ராணி மாதிரி இருப்பே"), பக்கத்தில் மெஹர் பானுவையும் ஏற்றினேன். ஒலி மாமா மகள்தான், என் வகுப்பு. மறுபடி அளந்தால் ஒரு அங்குலம்.

இரண்டு பேருக்கு அரை அங்குலம். அப்படியானால் ஆறாவது ஆள் ஏறினால் டயர் மட்கார்டைத் தொடும். சீசனில் குற்றாலத்துக்கு ஒரு குடும்பம் ஏறினால் பின்னால் எத்தனை பேர்? அருவியில் குளிக்கப் போகும் எண்ணெய்த் தலைகளை எண்ணினால் எட்டு. மடியில் இருப்பது தனிக் கணக்கு. அப்பா காலி வண்டியை அளந்திருக்கிறார்.

சொன்னேன். "எல்லாத்துலயும் ஒனக்கு நக்கலா போச்சு குழலி. படுத்து ஒறங்கு" என்றார்.

நக்கல் இல்லை அப்பா என்று இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? ரோஷம். அது அவரிடமிருந்து வந்ததுதான்.

2 ஜூன்

வாயால் சொன்னால் ஏறாது. ஆளை ஏற்றிச் சொல்ல வேண்டும். பானுவும் நானும் தெருவில் சொல்லிவிட்டோம்: நாளை காலை அப்பா பிச்சையாவின் வண்டி வெள்ளோட்டம், பழைய குற்றாலம் வரை, ஏறுகிறவர்கள் காசில்லாமல் ஏறலாம்.

3 ஜூன்

ஏழு மணிக்கு வாசலில் ஐந்து பெண்கள், மூன்று பிள்ளைகள், ஒரு தூக்குவாளி. எதிர்வீட்டுக் கல்யாணசுந்தரி அத்தை, "நல்ல மனசுய்யா ஒமக்கு" என்றாள். அப்பா என்னைப் பார்த்தார். அத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வராது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

எல்லாரும் பின்னாலேயே ஏறினார்கள். ரயில்வே கேட் மேட்டில் கர்ர்ர் என்று ஒரு சத்தம், கருகிய ரப்பர் நாற்றம். அப்பா இறங்கிக் குனிந்தார். டயரின் தோளில் மட்கார்டு சீவின தடம், தரையில் கறுப்புத் தூள். பிள்ளைகள் கைதட்டின. கல்யாணசுந்தரி அத்தை தூக்குவாளியோடு இறங்கி, "நடந்தே போயிருக்கலாம்" என்றாள். தெரு முழுக்க அதே பேச்சு.

என் கணக்குச் சரி. அதில் எனக்கு ஏன் ஒரு சந்தோஷமும் இல்லை? இடத்தை அளந்தேன், டயரை அளந்தேன் — அந்தக் கேட்டில் அவர் எப்படி நிற்பார் என்பதை அளக்கவே இல்லை.

4 ஜூன்

அப்பா என்னோடு பேசவில்லை.

5 ஜூன்

இன்றும். சாப்பாட்டுத் தட்டை நான் வைத்தால் எடுக்கவில்லை. அம்மா வைத்தால் எடுக்கிறார்.

7 ஜூன்

மலை மேல் மேகம் இறங்கிவிட்டது. சாரல் எப்போது வேண்டுமானாலும் வரும். வண்டி நிற்கிறது.

9 ஜூன், ஞாயிறு

ஒலி மாமா அறுநூற்றைம்பது டயர் ஒரு ஜோடி பிடித்துக் கொடுத்தார், குண்டுக்கும் ஒல்லிக்கும் நடுவில். பின்பக்கத்தைத் தாங்கும் வில்லுப்பட்டையில் ஒரு தகடும் கூட்டினார். மாட்டி முடித்ததும் அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். வீடு வீடாக அவரே போய், "கொஞ்சம் வந்து வண்டில உக்காருதியளா? ஒரு அளவு பாக்கணும்" என்று கேட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க முடியவில்லை.

எட்டுப் பேரும் ஏறினார்கள். அப்பா வீட்டுக்குள் பார்த்து, "ஸ்கேலை எடுத்துட்டு வாட்டி" என்றார். ஆறு நாளில் முதல் பேச்சு.

முக்கால் அங்குலம் மிச்சம்.

எல்லாரும் போன பின் கேட்டார்: "ஸ்டெப்னிக்கு எதை வைக்கலாம்? பெரிசா, சிறுசா?"

நாக்கு நுனியில் மூன்று கிண்டல் வந்து நின்றன. விழுங்கினேன். "சிறுசு அப்பா. சிறுசைப் பின்னால போட்டா வீடு வரைக்கும் மெதுவா வந்துரலாம். பெரிசை முன்னால போட்டா வளைக்கும்போது ஒரசும்."

யோசித்தார். தலையாட்டினார். "மன்னிச்சிருங்க அப்பா" என்றேன். டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டதா தெரியவில்லை.

14 ஜூன்

சாரல்.

21 ஜூலை, ஞாயிறு

வண்டி விலைக்கு வருமா என்று ஆலங்குளத்து புரோக்கர் வந்தார். அப்பா விடியுமுன்னே சவாரிக்குப் போனவர். "வண்டி எங்கன நிக்குது?" என்றார். "நிக்கல அண்ணாச்சி" என்றேன். மோர் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

சாயங்காலம் அப்பா ஈரச் சட்டையோடு வந்தார். நாளை திருநெல்வேலிக் குடும்பம், பத்துப் பேர், ஐந்தருவிக்காம். ரெண்டு பேரை முன்னால் உட்காரவையுங்கள், பின்னால் எட்டுக்கு மேல் வேண்டாம் என்றேன்.

"சரி" என்றார். ஏன் என்று கேட்கவில்லை.