கலிங்கு வரை நடந்தவருக்கு

வரிசை போட்டுக்கொள்ளாமல் எழுத உட்கார்ந்தால் எனக்குக் கை ஓடாது. உங்களுக்குத் தெரியாததல்ல.

1. உங்கள் பை என் கைக்கு வந்தது.
2. ஏரியைச் சுற்றி ஒரு நாள் முழுக்க நடக்க நாம் போட்ட திட்டம்.
3. அது நடக்காமல் போனதற்கு என் பயமே காரணம் என்பது.
4. நாளை கலிங்கு வரையாவது தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுத வேண்டியது.

புதன்கிழமை உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். "இத நீங்களே வச்சுக்குங்க சார். இங்க யாரும் குருவி பாக்கப் போறதில்ல" என்று உங்கள் மனைவி பையை நீட்டினார். வீட்டுக்கு வந்து திறந்தேன். வலித் தைலத்தின் வாசனை மூக்கில் ஏறியது. நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. தைலம் மட்டும் போகவில்லை. நாம் திட்டம் போட உட்காரும் சனிக்கிழமைகளில் உங்கள் மாடி அறை முழுக்க இதே வாசனைதான். எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "கொசுவுக்கு சார். ஓடோமாஸ விட இது நல்லா கேக்குது" என்றீர்கள். நான் நம்பினேன்.

பையில் பைனாகுலர், தொப்பி, அடியில் கொஞ்சம் மிச்சமிருந்த தைலப் புட்டி, நான்காக மடித்த நம் திட்டத் தாள்.

அலுவலகத்தில் நான் வரைபடப் பிரிவு. நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. நீங்கள் வாய்க்கால் வாய்க்காலாகச் சைக்கிளில் சுற்றியவர். இருவரும் ஓய்வு பெற்ற பிறகுதான் அந்த ஆசையைச் சொன்னீர்கள். விடியற்காலை பஸ்ஸில் மன்னார்குடி சாலையில் இறங்கி, மதகருகே கரையேறி, ஏரியின் மிச்சத் தண்ணீர் வழியும் கலிங்கு வரை நடப்பது. அங்கிருந்து ஏரியின் உட்பக்கம், உள்வாயில், கருவேலங்காடு. காட்டைக் கடந்தால் கோரையும் நாணலும் மண்டிய சதுப்பு. நத்தைகுத்தி நாரைகள் அங்கேதான் இறங்கும் என்பீர்கள். பொழுது சாய்வதற்குள் வடகரை, அங்கிருந்து பஸ். ஏரியை அளவு பிசகாமல் நான் வரைந்து கொடுத்தேன்.

"சித்திரையில போவோம் சார். ஏரி காஞ்சிருக்கும், வழுக்காது" என்றேன்.

"தண்ணி இல்லாத ஏரிய எதுக்கு சார் சுத்தணும்? அதுக்குப் பஸ் ஸ்டாண்டச் சுத்தலாம். டீயாவது கிடைக்கும்."

சரி, கார்த்திகை என்று முடிவானது. கார்த்திகை வந்தால் மழை என்று தள்ளினேன். அடுத்த வருடம் பாம்பு. அதற்கடுத்த வருடம், காட்டுக்குள் செல்போன் எடுக்காவிட்டால் என்ன செய்வது என்றேன். ஒவ்வொரு காரணத்தையும் தாளின் ஓரத்தில் மையால் எழுதி, செய்ய வேண்டிய ஏற்பாட்டையும் பக்கத்தில் குறித்தேன். அதே இடங்களில் உங்கள் பென்சில் எழுத்தும் இருக்கிறது. "மழை?" "பாம்பு?" "போன்?" என் பயத்தைக் கேலி செய்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி ஆறு வருடம் போயிற்று. மாசியில் ஒரு காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், மதியத்துக்குள் இல்லை.

காரியத்தன்று உங்கள் மகனைத் தனியே அழைத்து, "அப்பா ஆசைப்பட்டது ஒண்ணே ஒண்ணு. அத நான் கெடுத்துட்டேன்பா" என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

இதுவரை எழுதியது வெள்ளிக்கிழமை. இன்று ஞாயிறு. நேற்றுப் போய் வந்தேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மதகிலிருந்து நடந்தேன். குறுவை அறுத்த வயல்களில் வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. கலிங்கின் கீழே வலை கட்டி வாத்துப் பட்டி போட்டிருந்தார்கள். கையில் கழியுடன் நடுவயதுப் பெண் ஒருத்தி என்னைப் பார்த்தாள். பிறகு பையைப் பார்த்தாள்.

"இது அந்த சார் பையில்ல? அவரு வரலீங்களா?"

"எந்த சார்மா?"

"பைனாகுலர் வச்சுப் பாப்பாரே, அவருதான். நாங்க இங்க பட்டி போட்டா வாரத்துக்கு ஒருக்கா வந்துருவாரு. இந்தா, இந்தக் கல்லுல உக்காந்து ரெண்டு கெண்டைக்காலுக்கும் தைலம் தேய்ப்பாரு. நாலு வருசமா பாக்குறேன்."

ஒருநாளும் தனியாக அங்கே போனதாக நீங்கள் சொன்னதில்லை. "இங்கேருந்து காட்டுக்குள்ள போவாரா?" என்றேன்.

"எங்கேருந்து போறது? நாலு எட்டு வைப்பாரு, நின்னுருவாரு. கால் கல்லா ஆயிடுதும்மா, இன்னைக்கும் முடியலன்னு திரும்பிடுவாரு. டாக்டர்ட்ட காட்டுங்க சார்னா, உன் வாத்து நடக்கிற நடைக்கு நான் தேவலாம்னு என்னையே கிண்டல் பண்ணுவாரு." அவள் சிரித்தாள். "கூட்டாளி ஒருத்தர் இருக்காராமே. படமெல்லாம் போட்டு வச்சிருக்காராம். அவருக்கு மட்டும் இது தெரியக் கூடாதுன்னாரு. தெரிஞ்சா அன்னைக்கே படத்தச் சுருட்டி வச்சுருவாராம். அப்புறம் சனிக்கிழமைக்கு நான் என்னம்மா பண்றதுன்னாரு."

அந்தக் கூட்டாளி நான்தான் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நீங்கள் இறந்துவிட்டதை மட்டும் சொன்னேன். அவள் கழியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் தாளை விளக்கடியில் விரித்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். "மழை?" என்ற பென்சில் எழுத்தின் மேல் என் மை ஏறியிருக்கிறது. "பாம்பு?" என்பதன் மேலும் அப்படியே. பென்சிலில் போட்டுக்கொண்டு அதன் மேல் மை ஏற்றுவதுதான் வாழ்நாள் முழுக்க நான் செய்த வேலை. எது முந்தி, எது பிந்தி என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஒவ்வொரு வருடமும் சந்தேகத்தை முதலில் எழுதியது நீங்கள். இப்போதுதான் நினைவுக்கு வருகிறது, ஒற்றைச் சொல்லைப் போட்டுவிட்டுக் காபி எடுத்து வரக் கீழே போவீர்கள். நீங்கள் திரும்புவதற்குள் நான் அதை ஒரு பத்தியாக வளர்த்து, பயணத்தைத் தள்ளி வைத்திருப்பேன். நான் இப்படித்தான் செய்வேன் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் மேல் கோபம் வருகிறது. மறைக்காமல் எழுதுகிறேன். உங்கள் காலை என்னிடம் ஒருமுறை காட்டியிருந்தால் நானே மருத்துவரிடம் அழைத்துப் போயிருப்பேன். நெஞ்சில் இருந்ததும் அப்போதே தெரிந்திருக்குமோ என்னவோ. ஆனால் நான் எங்கே பார்த்தேன்? மாடிப்படி ஏறுகையில் பாதியில் நின்று, ஜன்னல் வழியே தென்னையைப் பார்ப்பீர்கள். பறவை பார்க்கிறீர்கள் என்று நானும் நின்று தென்னையைப் பார்த்தேன். என் கால் எங்கே வழுக்கும் என்று ஆறு வருடம் யோசித்தவனுக்கு, பக்கத்தில் இருந்தவரின் கால் கண்ணில் படவில்லை.

பழி நீங்கியது என்று ஆறுதல் வர வேண்டும். வரவில்லை. வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

கார்த்திகையில் ஏரி நிறைந்ததும் போகிறேன். மதகிலிருந்து அல்ல, கலிங்கிலிருந்து. அதுவரையுள்ள வழியை நீங்கள் எத்தனையோ முறை நடந்துவிட்டீர்கள். காட்டையும் சதுப்பையும் நான் நடக்கிறேன். மழைக்கும் பாம்புக்கும் தாளில் ஏற்பாடு எழுதியாயிற்று. இனிப் புதிதாகச் சந்தேகம் எழுத ஆளில்லை. பை என் தோளில் இருக்கும். புட்டியில் மிச்சமுள்ள தைலத்தைத் தொட மாட்டேன்.

மேலே மூன்றாவதாக, என் பயமே காரணம் என்று எழுதியது தவறு சார். அதை அடிக்கவில்லை. பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கிறேன்.