அடுத்த வருஷம் எழுதிக்கலாம்

அன்புள்ள அண்ணா,

நீயும் அண்ணியும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். அம்மாவுக்கு வாய்தான் போனதே தவிர காது பாம்புச் செவி. தெருவுக்குப் போய்ப் பேசலாம்தான். ஆனால் வாயைத் திறந்தால் உன்னைத் திட்டித் தீர்த்துவிடுவேன். எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் மருமகன் நாளை உன் ஊருக்கு வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மா பக்கவாதத்தில் விழுந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. முதுகில் இதுவரை ஒரு படுக்கைப் புண்கூட இல்லை. இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போடுகிறேன். நீ அனுப்பிய நுழைவுத் தேர்வுப் புத்தகங்கள் நன்றாகவே பயன்படுகின்றன, கோபப்படாதே. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் வைத்திருக்கிறேன். தலை உயரமாக இருந்தால்தான் கஞ்சி புரையேறாதாம்.

பரீட்சைக்கு நானா ஆசைப்பட்டேன்? எம்.எஸ்சி.க்கு எனக்குத் தெரியாமல் நீயே விண்ணப்பித்துவிட்டு, 'சும்மா போய் எழுதிட்டு வா, உனக்கும் ஒரு மாறுதலா இருக்கும்' என்றாய். மாறுதலாம்! தையல்காரம்மாவை அம்மா பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, ஒரு பக்கம்கூடப் படிக்காமல் போனேன். வாசலில் மற்றவர்கள் கடைசி நிமிஷம் வரை உருப்போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சுவரில் சாய்ந்து கொட்டாவி விட்டேன். உள்ளே ஏ.சி., மெத்தை வைத்த நாற்காலி, ஆளுக்கொரு கம்ப்யூட்டர். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. தெரிந்ததற்குப் பதில் போட்டேன், தெரியாததற்குக் குருட்டாம்போக்கில் ஒன்றை அழுத்தினேன். படித்த வேதியியல் எல்லாம் உள்ளே எங்கோ அப்படியே கிடந்திருக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தேன்.

நடுவில் ஒரு கூத்து. இரண்டு மணி நேரம் ஆனதும் உடம்பு தானாக எழுந்துவிட்டது. நாலைந்து வரிசை நடந்தும் விட்டேன். மேற்பார்வையாளர் ஓடி வந்து, 'எங்கம்மா போறே?' என்று அதட்டினார். 'அம்மாவைத் திருப்பிப் போடணும் சார்' என்றேன். மனுஷன் மிரண்டு போய், தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு நடித்துக் காட்டினேன். ஒரு பக்கத்து உதடு சிரித்தது.

மார்க் வந்தது, இடமும் கிடைத்தது. இந்த மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதைச் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? 'படிக்காமலே இவ்வளவுன்னா, படிச்சா எங்கேயோ போயிடுவே! இந்தத் தடவை விட்டுடு. அடுத்த வருஷம் நல்லா படிச்சு எழுதிக்கலாம், அதுக்குள்ள அங்கே எல்லாம் ஒரு வழிக்கு வந்துடும்' என்றாய். அம்மாவும் கேட்டுச் சந்தோஷப்படட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

எது அண்ணா வழிக்கு வர வேண்டும்? அம்மா இனி எழுந்திருக்க மாட்டாள் என்று டாக்டர் உன்னிடமும்தான் சொன்னார். அப்படியென்றால் அடுத்த வருஷம் நான் போவதற்கு இங்கே என்ன நடந்திருக்க வேண்டும்? நீ அதை நினைத்துச் சொல்லியிருக்க மாட்டாய். அம்மா அப்படித்தான் புரிந்துகொண்டாள்.

அன்று மாலையிலிருந்து கரண்டியைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்கிறாள். தொண்டையில் கோளாறு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு டாக்டர் டிரிப்ஸ் ஏற்றிவிட்டுப் போனார். தையல்காரம்மா கெஞ்சினாள். நான் திட்டினேன், அழுதேன், 'எங்கேயும் போகலம்மா, உன் கூடவே இருக்கேன்' என்று சத்தியம் செய்தேன். அதைக் கேட்டதும் இன்னும் இறுக்கிக்கொண்டாள். நேற்று நீ கேட்டபோது அம்மா நன்றாக இருக்கிறாள் என்று சொன்னது பொய்.

இன்று காலை கிண்ணத்தைக் கீழே வைத்தபோது, ஒரு நொடி, 'சரி, போகட்டும்' என்று தோன்றியது. பெற்றவளைப் பற்றி எனக்கே அப்படித் தோன்றியது அண்ணா. அதிலிருந்து அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

லீவு இல்லை, ஆபீஸில் ஆள் இல்லை என்று சொல்லாதே. போனில் சமாதானமும் வேண்டாம். உன் குரலைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நேரில் வா. பெரிய பெட்டியாக எடுத்துக்கொண்டு வா, அதைப் பார்த்தால்தான் நம்புவாள். 'இவ போகட்டும், நான் இருக்கேன்' என்று நீயே சொல். எனக்கு அந்த இடம் போனால் போகிறது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. எனக்கு அதுவும் வேண்டும், அம்மாவும் வேண்டும்.

குழந்தைக்கு அத்தையின் முத்தங்கள். அவள் வேளாவேளைக்கு வாய் நிறையச் சாப்பிட்டு நூறு வயசு இருக்கட்டும்.

உன்,
வாயாடித் தங்கை