இடது பக்கமாகப் போ

மார்ச் 3

என் அன்பு மகனுக்கு,

நலம்தானே? போனில் கிடைக்கும் மூன்று நிமிடத்தில் பாதி நேரம் நீ இருமுவதைத்தான் கேட்கிறேன். அதனால் எழுதுகிறேன். உங்கள் வேலை முகாமில் கிணறு தோண்டும் இடத்தில் நிற்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்.

இனி வருவதைச் சத்தம் போடாமல் படி. இருபத்து மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் மூன்று பேரும் மேல் ஆற்றில் இறங்கப் போகிறோம். நீ பால்கனியில் விட்டுப்போன கயாக் படகை விற்கலாம் என்று இறக்கிய நான், ஒன்றரை வருடமாக ஏரியில் அதை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அது உனக்குத் தெரியும். கூட வருபவர்களில் ஒருத்தி எங்கள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள்; அவளை எல்லோரும் எக்ஸ்ரே என்றேதான் கூப்பிடுகிறோம். இன்னொருத்தி பஸ் ஓட்டுகிறாளே, அந்தப் பஸ்காரி.

ஏரி வேறு, இது வேறு. செங்குத்தான ஆறு. ‘மாடிப்படி’ என்ற இடத்தில் மூன்று தட்டாக விழுகிறதாம். நீ நண்பர்களோடு அதில் இறங்கி வந்தவன் ஆயிற்றே! மருத்துவமனையில் எங்கள் சலவைப் பிரிவில் அந்தக் கதையை நான் சொல்லாத ஆள் பாக்கியில்லை. எந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்று எழுது. நீ போன வழியிலேயே நானும் போகிறேன்.

முத்தங்களுடன்,
அம்மா


மார்ச் 10

அன்புள்ள அம்மாவுக்கு,

இருமல் குறைந்துவிட்டது. உன் கடிதத்தைப் படித்ததும் திரும்ப வந்துவிட்டது.

ஐம்பத்தொரு வயதில் உனக்கு எதற்கம்மா இந்த வேலை? ஏரியில் சுற்றுகிறாய், சரி. அங்கே கவிழ்ந்தால் தலையைத் துவட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். மேல் ஆறு அப்படியில்லை. பஸ்காரி அத்தை பஸ்ஸை ஓட்டட்டும். எக்ஸ்ரே அத்தை உன் எலும்பு முழுசாக இருக்கும்போதே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

நான் சொன்னால் நீ கேட்கப் போவதில்லை. மாடிப்படியில் இடது பக்கமாகப் போ. நாங்கள் அப்படித்தான் போனோம். வேறு ஒன்றும் பெரிதாக இல்லை.

அன்புடன்,
உன் மகன்


மார்ச் 19

அம்மா,

இந்தக் கடிதம் ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் கைக்கு வந்தாக வேண்டும். காற்றில் டவர் சாய்ந்து நான்கு நாளாகப் போன் இல்லை. தண்ணீர் லாரி ஓட்டுபவரிடம் இதைக் கொடுத்து, டவுனில் போட்டுவிடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன்.

இடது பக்கம் போகாதே. எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. நான் மாடிப்படியில் இறங்கவே இல்லை அம்மா. மற்ற நான்கு பேரும் இறங்கினார்கள். நான் சத்தத்தைக் கேட்டதுமே கரையேறி, படகைத் தோளில் தூக்கிக்கொண்டு காட்டு வழியாக நடந்து வந்துவிட்டேன். வீட்டு வாசலில் நீ ஆசையாக “எப்படிடா இருந்துச்சு?” என்று கேட்டாய். “சூப்பர்மா” என்றேன். அந்த ஒரு வார்த்தையை நீ ஊரெல்லாம் சொல்லிப் பெரிதாக்கினாய். பிறகு எப்படித் திரும்ப எடுப்பது?

இரண்டு இரவாகத் தூங்கவில்லை. போகாதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. தெரிந்தவர்களைக் கேட்டுவிட்டுப் போ.

உன் மகன்


மார்ச் 25

என் தங்கமே,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. நாங்கள் ஞாயிற்றுக்கிழமையே போய் வந்துவிட்டோம். எழுதும் கை என்னுடையதுதான், பதறாதே.

மாடிப்படிக்கு மேலே படகுகளைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு, நடந்து போய்ப் பார்த்தோம். இடது பக்கத்துத் தண்ணீர் அத்தனையும் ஒரு பெரிய பாறைக்கு அடியில் நுழைந்து காணாமல் போகிறது. பஸ்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“உங்க பையன் இதுலயாக்கா போனான்?”

“ஆறு மாறியிருக்கும்.”

“பாறையுமா மாறும்?”

அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது. நீ போன வழி என்ற ஒரே தைரியத்தில் வந்தவள் நான். அதுவும் போய்விட்டது. ஒரு கல்லில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்தேன். சுள்ளிகளைப் போட்டுப் பார்த்தேன். வலது பக்கம் போட்ட சுள்ளி மூன்று தட்டும் இறங்கி முழுசாக வெளியே வந்தது. ஏழு தடவை போட்டேன், ஏழும் வந்தன. “நான் போறேன்” என்றேன். யாருக்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.

பஸ்காரி, “எனக்கு இன்னைக்கு மனசு வரலைக்கா” என்று படகைத் தூக்கிக்கொண்டு கீழே நடந்தாள். கயிற்றோடு கரையில் நின்றாள்.

முதல் தட்டு தெரியவே இல்லை, அதற்குள் கீழே இருந்தேன். இரண்டாவதில் கவிழ்ந்தேன். சலவை எந்திரத்துக்குள் என்னையே போட்டு மூடியது போல இருந்தது. துடுப்பை வீசி எழப் பார்த்தேன், முடியவில்லை. மூச்சு தீர்ந்துகொண்டிருந்தது. அவசரப்படாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இன்னொரு தடவை இடுப்பைத் திருப்பினேன். வெளிச்சம்! வாய் நிறையத் தண்ணீரோடு எழுந்தேன், மூன்றாவது தட்டில் நிமிர்ந்தே இறங்கினேன். கத்தினேன் பார், அப்படி நான் உன்னைப் பெற்றபோதுகூடக் கத்தவில்லை.

பின்னால் வந்த எக்ஸ்ரே கடைசித் தட்டில் படகை விட்டுப் பிரிந்துவிட்டாள். பஸ்காரி வீசிய கயிறு சரியாக அவள் கையில் விழுந்தது. பஸ்காரி நடந்து போனதால்தான் எக்ஸ்ரே இன்று வேலைக்கு வந்திருக்கிறாள்.

உன்மேல் கோபம் இருந்தது. நடந்து வந்ததற்கு இல்லை. எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் ‘இடது பக்கம்’ என்ற அந்த இரண்டு வார்த்தையை நீ ஆயுசு முழுக்கச் சுமந்திருப்பாயே என்று நேற்று முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இன்று இல்லை.

சலவைப் பிரிவில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்: “என் பையன் போகலை. நான் போனேன்.” கை தட்டினார்கள். தோளில் இருக்கும் ஊதா நிறக் காயத்தை யார் கேட்டாலும் காட்டுகிறேன், கேட்காதவர்களுக்கும் காட்டுகிறேன்.

மாடிப்படி இறங்கிய,
உன் அம்மா


ஏப்ரல் 2

அம்மா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிறகு முகாமின் சாப்பாட்டுக் கூடத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் போகவில்லை, என் அம்மா போனாள் என்று. ஒருவரும் நம்பவில்லை. மூன்று வருடமாக இவர்களிடமும் அதே பொய்யைச் சொன்னபோது நம்பினார்கள். உண்மையைச் சொன்னதும், “புளுகாதடா” என்கிறார்கள்.

மே மாதம் பத்து நாள் விடுப்புக் கேட்டிருக்கிறேன். எனக்குப் படகு வேண்டாம். கயிறு வீசுவதை எத்தனை நாளில் பழகலாம் என்று மட்டும் பஸ்காரி அத்தையிடம் கேட்டு எழுது.

உன் மகன்