கல்லடி அளவில் தைத்த காலணிகள் குறித்துப் பன்றிக்கணவாய்க் கோட்டைக்கு விடுத்த திருமுகம்

மழை தன் நாளில் இறங்குக. விளைவு வரம்பு கடந்து நிறைக. பகைவர் உறங்குக, நம்மவர் உறங்காதிருக்க.

முகிற்கோட்டு நாட்டை ஆளும் மும்முரசுப் பெருங்கோ, மலைமுடி மிதித்த மன்னர், கடலைப் பின்வாங்கச் செய்த காவலர் (நம் நாட்டுக்குக் கடல் இல்லையென்பது பட்டத்தின் குறையன்று, நிலத்தின் குறை) அடலேற்று வேந்தரின் திருவாய்மொழியைச் சுமந்து, ஓலைநாயகம் மருதங்கண்ணன், பன்றிக்கணவாய்க் கோட்டையைக் காக்கும் ஏனாதி இளங்கோடனார்க்கு எழுதுவது. உமது மதில் உயர்க; உமது சுனை வற்றாதிருக்க; உமது காவலர் விழித்திருக்க; விழித்திருக்கும் காவலரை நீர் கண்காணித்திருப்பீராக. இங்கு வேந்தர் நலம், இரு குதிகால்கள் நீங்கலாக.

நீர் விடுத்த ஓலையும், துணியில் பொதிந்த காலணிகளும், செம்மான் அழிசியின் வாக்குமூலமும் முத்திரை குலையாமல் வந்தன. வேட்டையின்போது வேந்தரின் காலணிகள் கழன்றதால் பன்றியின் எதிரே அரசுக்கு இடையூறு நேர்ந்தது என்றும், அது தைத்தவனின் வஞ்சகம் என்றும், அவனைக் கோட்டையில் அடைத்திருப்பதாகவும், அரசுடையில் பிழை செய்த கைவினைஞனின் வலக்கையை வெட்டும் வழக்கப்படி இன்றைக்கு ஆறாம் நாள் முழுநிலவன்று அதை நிறைவேற்ற எமது இசைவு வேண்டும் என்றும் எழுதியிருந்தீர். இசைவு தருமுன் ஐயப்படுவது எம் தொழில். ஆகவே முறைப்படி ஐயப்பட்டோம். முதலில் செம்மானை ஐயுற்றோம்; அடுத்துக் காலணியை; அதன்பின் வேறொருவரை. அவர் யார் என்பது இவ்வோலையின் கடைப்பகுதியில் உள்ளது. இடையிலுள்ளதைத் தாண்டிப் படிக்க வேண்டா.

வேந்தரின் பழைய வேட்டைக் காலணிகள் வெண்கலப் பட்டையும் பொற்சலங்கையும் உடையன என்பதை நீர் அறிவீர். அவற்றை அணிந்து வேந்தர் ஒரு காலைத் தூக்க ஒருவனும், மறுகாலைத் தூக்க ஒருவனும் வேண்டியிருந்தது. சலங்கை ஒலி கேட்ட விலங்குகள் மரியாதையோடு முன்கூட்டியே விலகிச் சென்றன. மூன்றாண்டு இவ்வாறு வேட்டையாடியபின், மான்தோல்போல் மெலிந்த காலணி வேண்டுமென்று வேந்தர் அருளினார். அப்பணி அழிசிக்குக் கிடைத்தது. அவன் செய்ததைக் கண்டு நீர் எழுப்பிய ஐயங்கள் மூன்று. இவ்வளவு கனமின்மை இயல்பன்று, ஏதோ ஒன்றை எடுத்திருக்கிறான் என்பது ஒன்று. அடித்தோலில் உள்ள கீறல்கள் பகைநாட்டு எழுத்துகளாய் இருக்கலாம் என்பது மற்றொன்று. நடந்தால் ஓசை எழாத காலணி ஒற்றனுக்கும் திருடனுக்குமே உரியது என்பது மூன்றாவது.

இவற்றுக்கு அழிசி கூறியதை, சாட்சியின் சொல்லைத் திருத்தலாகாது என்ற விதிப்படி, அவன் வாயிலிருந்து வந்தவாறே கீழே பொறித்துள்ளோம். சபையோர் பொறுத்தருள்க.

"ஏத்தத்துல கனம் ஆகாதுங்க சாமி. கால்ல ஒரு கல்லைக் கட்டுனா முதுகுல ஒரு மூட்டையக் கட்டுன மாதிரி. மேலுக்கு ஆட்டுத்தோல், அடிக்கு எருமைத்தோல், கணுக்காலுக்கு மேல நாலு விரல் வரைக்கும் வார். அம்புட்டுதான். அடியில கீறினது வழுக்காம இருக்க. எழுத்தாமுல்ல, எழுத்து! எழுதத் தெரிஞ்சா நான் ஏன் சாமி செருப்புத் தைக்கிறேன், உங்க பக்கத்துல உக்காந்து ஓலை எழுத மாட்டேனா? சத்தம் வரலன்னு ஒரு குத்தம். பன்னியப் புடிக்கப் போறவருக்குச் சத்தம் எதுக்கு, வர்றேன்னு சொல்லவா?"

இது துடுக்கு. ஆயினும் துடுக்கு வேறு, வஞ்சகம் வேறு. வஞ்சகர் எம்மிடம் இவ்வளவு துடுக்காகப் பேசுவதில்லை. அவர்களை யாம் நாள்தோறும் சபையில் காண்கிறோம்.

இனி அளவு. காலணி ஏன் கழன்றது என்று உமது கோட்டையில் வினவியதற்கு அவன் மேலும் கூறியது:

"சாயங்காலம், நடந்து வந்த காலத்தான் அளக்கணும். அப்பத்தான் அது விரிஞ்சு உண்மையான அளவுக்கு நிக்கும். விரலுக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விடணும், இல்லாட்டி இறக்கத்துல நகம் போயிரும். காலக் காட்டச் சொல்லுங்கன்னு மூணு தரம் கேட்டேன். அரமனைக்காரரு என்னக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு கல்லக் காட்டுனாரு. இருட்டுற மட்டும் ஒக்காந்து பாத்தேன். கல்லு வீங்கல சாமி."

ஏனாதியாரே, இவ்விடத்தில்தான் எம் எழுத்தாணி சற்றே நின்றது. கொற்றவை கோயிலின் முன்மண்டபத்தில் நம் முதல் வேந்தரின் திருவடி கல்லில் பொறிக்கப்பட்டுக் கல்லடி எனப் பெயர் பெற்றிருப்பதையும், அதன் பதினாறு மடங்கே நாட்டின் நிலமளக்கும் கோல் என்பதையும் குழந்தையும் அறியும். பட்டம் சூடும் ஒவ்வொருவரும் திரை மறைவில் அக்கல்லின்மேல் கால் வைப்பார். திரைக்கு வெளியே நிற்கும் பூசகர் "பொருந்திற்று" என்பார். திரைக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பூசகர் பார்ப்பதில்லை. பார்க்கலாகாது என்பதும் மரபு. உயிரோடிருக்கும் அரசரின் காலைக் கயிறு கொண்டு அளப்பது பிணத்துக்குச் செய்வது என்பதால் அதுவும் விலக்கு. ஆகவே நான்கு தலைமுறையாக அரசரின் கால் எவ்வளவு என்பதைக் கல்லிடமே கேட்டுவந்தோம். பழைய காலணிகளில் வெண்கலமும் பஞ்சும் இடத்தை அடைத்துக்கொண்டன. அழிசி வீண்கனத்தை நீக்கினான். அதோடு நான்கு தலைமுறையின் பஞ்சும் நீங்கிவிட்டது.

அழிசியின் மனைவி பூங்கணி எம் வாயிலில் மூன்று நாளாக நிற்கிறாள். அவள் கூறியதைக் கேட்டு வாயிற்காவலர் காதைப் பொத்திக்கொண்டனராம். பொத்திய காதோடு ஒரு சொல்லும் விடாமல் எமக்கு வந்து ஒப்பித்தனர். "கல்லுக்குத் தைக்கச் சொன்னா கல்லுதான் போட்டுக்கணும். போட்டவரு காலு சின்னதா இருந்தா எங்க வீட்டுக்காரரு கைய எதுக்கு வெட்டணும்? அந்தக் கையில்லாட்டி நாலு வாயி பட்டினி. சின்னக் காலுன்னா குத்தமா, ஒங்க ஏட்டுல எழுதிருக்கா?" என்றாளாம். யாம் இதைக் கேட்கவில்லை என்று பதிவு செய்துள்ளோம். ஏட்டையும் புரட்டிப் பார்த்தோம். எழுதவில்லை.

வேட்டைநாள் நிகழ்ச்சியைச் சபையில் வேறுவகையாகப் பாடிவருகின்றனர். வேந்தர் பன்றியை எதிர்கொண்டார், பின்னர் அதைக் கோட்டை நோக்கித் தம் பின்னே ஈர்த்துவந்தார் என்பது பாடல். அதில் பிழையில்லை, பன்றி பின்னே வந்தது உண்மையே. ஆனால் உமது வேட்டுவரின் குறிப்புப்படி, சேற்றோடையில் காலணிகள் இரண்டும் பன்றியை நோக்கியே ஊன்றி நின்றன. அங்கிருந்து வெறுங்கால் தடங்கள் கோட்டையை நோக்கிச் சென்றன, ஒன்றுக்கொன்று வெகு தொலைவில். அன்று புறங்காட்டாதவை அக்காலணிகள் மட்டுமே. அவற்றை வஞ்சகர் என்று எழுத எம் கை கூசுகிறது.

இனி யாம் மூன்றாவதாக ஐயுற்றவர்.

சேற்றில் கிடந்து, குற்றப்பொருளாய்க் கட்டப்பட்ட காலணிகள் எமக்கு எவ்வாறு வந்திருக்க வேண்டும்? விறைத்து, வெடித்து, பூசணம் பூத்து. அரண்மனையில் அவற்றுக்குச் சந்தனம் பூசி அகிற்புகையின் கனலருகே உலர்த்தியதில், வேட்டைக்கு முன்பே ஒரு நுனி வெடித்திருந்தது. ஆனால் உமது மூட்டையைப் பிரித்தபோது கண்டது வேறு. தையல் இடுக்கிலிருந்த சந்தனத்தைக்கூட யாரோ குச்சியால் நோகாமல் எடுத்திருந்தார். உள்ளே காய்ந்த வைக்கோல் திணித்திருந்தது. புங்கெண்ணெய் மெல்லிதாய், பிசுக்கில்லாமல் ஏறியிருந்தது. வாரைத் தளர்த்திக் காலணியின் நாவை முன்னே இழுத்து வைத்திருந்தது. வெடித்த நுனிக்கு உள்ளிருந்து ஒட்டுத்தோல் போட்டிருந்தது. அழிசியின் வாக்குமூலத்தில் "நனைஞ்சா நெருப்புப் பக்கம் கொண்டு போவாதீங்க, நெழல்ல உலத்துங்க, வைக்கோல் திணிங்க, புங்கெண்ணெய் தடவுங்க" என்று ஒரு பகுதி உள்ளது. அதை அவன் யாருக்குச் சொன்னான் என்று எழுதவில்லை. கேட்டவர் கருத்தாகக் கேட்டிருக்கிறார். வஞ்சகத்தின் சான்றுக்கு எவரும் எண்ணெய் தடவுவதில்லை, ஏனாதியாரே.

மேலும், ஓடையின் சேறு கருமை. அடித்தோலின் கீறல்களில் இருந்தது சிவந்த சரளை. அது உமது கோட்டைக்கு ஏறும் வழியில் மட்டுமே உண்டு. இடக்குதிகால் வெளிப்புறமாகத் தேய்ந்துள்ளது. வேந்தர் அவற்றை அணிந்தது அரைநாள். தேய்மானம் இருபது நாளினது. இடத்தொடையில் அம்பு வாங்கிய நாள்முதல் காலைச் சற்றே இழுத்து நடக்கும் பெருவீரர் ஒருவரை யாம் அறிவோம். அந்த அம்பு இந்நாட்டுக்காக வாங்கியது என்பதையும் மறந்திலோம். உமது ஓலையிலேயே "நனைந்த பாறையிலும் வழுக்காத வஞ்சகக் காலணி" என்றொரு தொடர் உள்ளது. பாறை நனைந்திருந்ததை நீர் எவ்வாறு அறிந்தீர் என்று கேட்க மாட்டோம். வழுக்காததை எவ்வாறு அறிந்தீர் என்றே கேட்கிறோம்.

அக்காலணிகள் உமக்குப் பொருந்தின என்பதே எம் அச்சம். தளர்வுமின்றி, இறுக்கமுமின்றி, முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் விட்டு, கல்லடி அளவு தைத்தது உம் காலில் நின்றது. கல்லடிக்குப் பொருந்தும் கால் இந்நாட்டில் ஒன்றே இருக்கலாம் என்று முதல் வேந்தரின் ஆணை அதே மண்டபத்தின் தூணில் உள்ளது. இரண்டாவது காலுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் அடுத்த வரியில் உள்ளது. அதை ஈண்டு எழுத இடமில்லை.

ஆதலின் நீர் செய்யக்கடவது இது. இவ்வோலை கண்ட அப்பொழுதே அழிசியின் தளையை நீக்குக. அவனை நீரே, தனியே, சேற்றோடைக்கு அழைத்துச் செல்க. அங்கு வேட்டுவர் ஓலை மூடிக் காத்துவைத்த, கோட்டையை நோக்கிய வெறுங்கால் தடங்களில் தெளிவானதொன்றை அவன் நூலால் அளக்கட்டும். அளப்பது சேற்றை, எவருடைய காலையும் அன்று. விரைந்து பதிந்த தடமாதலால் கால் நன்கு விரிந்தே இருக்கும். மாலைவரை காத்திருக்கத் தேவையில்லை. அளந்தபின் அவ்வோடைக்கரை முழுவதையும் ஏர் பூட்டி உழுது, அதில் வரகு விதைக்கச் செய்க. அவ்வளவில் அவன் தைக்கும் புதுக்காலணிகள் "மழையால் கல்லடி அளவினின்று சற்றே சுருங்கியவை" என்று கருவூலத்தில் பதியப்படும். அவற்றை வேட்டைக்கு முன் பத்து நாள் முற்றத்தில் நடந்து பழக்க வேண்டும் என்று வேந்தரிடம் விண்ணப்பிப்போம். விண்ணப்பிப்பதோடு எம் கடமை முடியும்.

வலக்கை வெட்டுதற்கு இசைவு இல்லை. பூங்கணி எம் வாயிலிலேயே காத்திருக்கிறாள். முழுநிலவுக்குள் அழிசி பத்து விரல்களோடும் இங்கு வந்து நிற்க வேண்டும். நீர் விடுத்த காலணிகள் எம் பேழையில் உள்ளன. வைக்கோலை மாற்றியிருக்கிறோம், எண்ணெய் குறையாமல் பார்த்துக்கொள்கிறோம். அவன் அவ்வாறு வந்து சேர்ந்தால் அவற்றை யாம் எவர் காலிலும் பொருத்திப் பார்ப்பதாக இல்லை.

இது வேந்தர் ஆணை. அடலேற்று வேந்தரின் ஆட்சியாண்டு பதினொன்று, கார்த்திகைத் திங்கள் வளர்பிறை ஒன்பதாம் நாள். ஓலைநாயகம் மருதங்கண்ணன் எழுத்து. கல்லடி முத்திரை, சற்றே சிறிதாக, கீழே இடப்பட்டது.