கவிழ்த்த தாள்

2024 யூன் 9
ஒரு பக்கம் எழுத இரண்டு மணித்தியாலம் பிடிக்கிறது. இருந்தும் இன்று எழுதாமல் படுக்க முடியாது. எழுபத்தொரு வயதில் என்னை நடுவராக்கியிருக்கிறார்கள். அடுத்த மாதம் வாசிகசாலையில் முந்நூற்றி நாலு சீட்டாட்டப் போட்டி. சட்டங்களை யார் எழுதுவது என்று கேட்டதும் கை தூக்கினேன். வீரையா சிரித்தான்.
"அண்ணே, பெருவெரல் மைய கழுவிட்டு எழுதுங்க."
பத்து வருடமாக எனக்கு வந்த கடிதங்களை வாசித்துச் சொன்னவன் அவன். சிரிக்கட்டும்.

யூன் 23
நாலாம் சட்டம் முடிந்தது. இறக்கிய இனம் கையில் இருக்க வேறு இனம் போட்டால் பிழை. தாள்களை அள்ளிக் கவிழ்க்கமுன் சொன்னால் திருப்பி எடுக்கலாம். கவிழ்த்தால் ஆட்டம் எதிர்ப்பக்கத்துக்கு.
முதியோர் வகுப்பில் எங்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் சிவரூபி ரீச்சர் வாசித்துப் பார்த்தா. "தானாச் சொல்லுறவைக்கு ஒரு விலக்கு வையுங்கோவன், ஐயா."
இன்னொரு வரி எழுதக் கை உளைந்தது. விட்டுவிட்டேன்.

யூலை 14
என்ன ஒரு நாள்!
முதல் பரிசு தண்ணி மோட்டர். வீரையாவின் மோட்டர் எரிந்து கிடக்கிறது, மிளகாய் பூத்து நிற்கிறது. அவனும் மருமகன் சுமனும் கடைசி ஆட்டம்வரை வந்துவிட்டார்கள். எதிரணி விஜிதரன் ஆடுத்தன் இனத்தில் ஒரு தாள் இறக்கினான். வீரையா துரும்புத் தாளால் வெட்டி, அள்ளிக் கவிழ்த்தான். பிறகு தன் கையைப் பார்த்தான்.
"அண்ணே, தப்பா வெட்டிட்டேன். கையில ஆடுத்தன் இருக்கு. திருப்பிக்கிறேன்."
ஒருவரும் கண்டிருக்கவில்லை. விஜிதரனே, "பறவாயில்லை, எடுக்கட்டும் ஐயா" என்றான்.
நான் எழுந்து நின்று நாலாம் சட்டத்தை வாசித்தேன். எழுத்துக் கூட்டாமல், ஒரே மூச்சில். மண்டபம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. மோட்டர் விஜிதரனுக்குப் போனது.

யூலை 15
பிழையோ? சட்டத்தில கிடந்ததைத்தானே வாசிச்சன் – எழுதினதும் நான்தான். பிறகென்ன?

ஓகஸ்ட் 22
வீரையாவின் மிளகாய் முழுவதும் கருகிவிட்டது. முரசுமோட்டைக்குக் கூலிக்குப் போகிறான். வழியில் கண்டு எப்படி என்று கேட்டேன்.
"ஒங்க சட்டப்படி இருக்கேன், அண்ணே."
வீட்டுக்கு வந்து நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

2025 யூலை 13
இந்த வருடப் போட்டி. காலையிலிருந்து ஒருவரும் தானாக ஒரு பிழையும் சொல்லவில்லை. நல்ல நடுவர் என்று தலைவர் புகழ்ந்தார்.
கடைசி ஆட்டத்தில் மறுபடியும் வீரையா. இஸ்கோப்பன் இனம் இறங்கியது, அவன் வெட்டினான். பின்னால் நின்ற எனக்கு அவன் கையில் இஸ்கோப்பன் ஏழு தெரிந்தது. திரும்பி என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே அள்ளிக் கவிழ்த்தான்.
கையில் மிஞ்சிய அந்த ஏழாம் தாளை ஆட்டம் முடிந்ததும் மற்றத் தாள்களோடு கலந்துவிட்டான்.
வென்றான்.
நடுவர் குறிப்பில் "பிழை எதுவும் நடக்கவில்லை" என்று எழுதினேன். பக்கத்தில் நின்று வாசித்துப் பார்த்தான்.
"இப்பதான் நல்லா எழுதுறீங்க, அண்ணே."