எழுபத்தொரு பேனா நாள்கள்

பிறேமர்ஹாவன், ஜெர்மனி
16.02.2025

அன்பு மகள் கம்சனாவுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நானும் அப்பாவும் தம்பியும் அம்மன் கிருபையால் சுகமாகத்தான் இருக்கிறோம், நீயும் அந்த ட்ரொம்சோவில் சுகமாக, நேரத்துக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு வெளியே போய்வருகிறாய் என்று நம்புகிறேன், நம்பாமல் வேறு என்ன செய்வது, எப்போது கேட்டாலும் "ஓம் அம்மா, சாப்பிட்டனான்" என்றுதானே சொல்லுவாய். இரண்டு மாதம் உதிக்காமல் இருந்த சூரியன் அங்கே திரும்பி வந்துவிட்டது என்று நீ அனுப்பிய படத்தை அப்பாவுக்குக் காட்டினேன், மலைக்கு மேலே தேசிக்காய்த் துண்டு மாதிரி ஒரு கீற்றுத் தெரிகிறது, இதற்கா இவ்வளவு கொண்டாட்டம் என்று கேட்டார். அவருடைய முழங்கால் பரவாயில்லை, டொக்டரிடம் மார்ச் நாலாம் திகதி டெர்மின் கிடைத்திருக்கிறது. தம்பி பிருந்தனைத் துறைமுகத்தில் நிரந்தரமாக்கிவிட்டார்கள், அன்றிலிருந்து வீட்டில் ஒரு கோப்பை கழுவுவதில்லை. சரக்குத்தூளும் ஒடியல்மாவும் வேறு பொதியில் வருகிறது, தூளைக் குளிர்ப்பெட்டிக்குள் வைக்காதே. எழுத்து மங்கலாக இருந்தால் விளக்கைப் போட்டு வாசி, பென்சிலால் எழுதுகிறேன், காரணம் வாசிக்க விளங்கும்.

செவ்வாய்க்கிழமை நீ எடுத்துக் கதைத்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. நீ மூச்சு விடாமல் சொன்னதை நான் வடிவாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கடல் சூடாகிக்கொண்டு வர அந்தக் குளிர்நீர் இறால் சிறுத்துப்போகிறது, பெரிதாய் வளரமுதலே முட்டை தாங்கத் தொடங்கிவிடுகிறது, அதைத்தான் உன் கலாநிதி ஆய்வு காட்டப் போகிறது என்பது எனக்கு இப்போது பாடம். ஆணாகப் பிறந்து பிறகு பெண்ணாகிற சீவன் அது என்று நீ முந்தி ஒருநாள் சொன்னதை நான் கோயிலில் சொல்லி நாலு பேர் என்னை ஒரு மாதிரிப் பார்த்ததும் உனக்குத் தெரியும். ஆனால் செவ்வாய்க்கிழமை நீ சொன்னது புதுச் செய்தி. நான் வேலையில் எண்ணி எழுதிய பழைய தாள்களில் 2008 பங்குனி வரைக்கும் கிலோவுக்கு நூற்று முப்பது இறாலாக நின்றது ஈஸ்டர் கழிந்ததும் ஒரேயடியாக நூற்று நாற்பத்தாறுக்குத் துள்ளிவிட்டது, இப்படி ஒரு துள்ளலை ஒருவரும் காட்டியதில்லை, உன் பேராசிரியைக்கும் நல்ல சந்தோஷம், "அம்மா, உங்கட கையெழுத்துத்தான் என்ர மூண்டாம் அத்தியாயம்" என்றாய். அதோடு விட்டாயா, நடுவில் சில சனிக்கிழமை எண்கள் மட்டும் ஒத்துவராமல் நிற்கின்றன, அவற்றைத் தள்ளிவிடப் போகிறேன் என்றும் சொன்னாய். பிறகு சிரித்துக்கொண்டு, ஏன் அம்மா சில நாள் பென்சில், சில நாள் பேனா என்று கேட்டாய். நான் அடுப்பில் கறி இருக்கிறது என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

அதற்குப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். வாயால் சொன்னால் நீ "பரவாயில்லை அம்மா" என்று என்னைத் தேற்றத் தொடங்கிவிடுவாய், நானும் அழுதுவிடுவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். எழுத்தில் இருந்தால் நீ இதைப் பேராசிரியைக்கு முன்னால் வைக்கலாம்.

நான் இறால் பொதி பண்ணிய கொம்பனியில் என்ன வேலை செய்தேன் என்பது உனக்கு மேலோட்டமாகத்தான் தெரியும். கிரீன்லாந்துப் பக்கத்துக் கப்பல்களிலிருந்து அவித்து உறைய வைத்த இறால் பெட்டி பெட்டியாக வரும். ஒவ்வொரு நாளும் மூன்று பெட்டியில் கொஞ்சம் எடுத்து, மேலே மூடியிருக்கிற ஐசைத் தண்ணீரில் கரைத்து, வடியவிட்டு, சரியாக ஒரு கிலோ நிறுத்து, அதில் எத்தனை இறால் என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சோதனைத் தாளில் எழுத வேண்டும். எண்ணிக்கை கூடினால் இறால் சின்னன் என்று அர்த்தம். அந்த மேசை குளிரறைக்குள் இருந்தது. ஈரத் தாளில் பேனா எழுதாது, அதனால் மேசைக் காலில் நூல் கட்டி ஒரு பென்சில் தொங்கவிட்டிருந்தார்கள். ஆறு நாற்பதுக்குத் தொடங்கினால் ஏழு மணிக்கு எங்கள் பகுதிக்குப் பொறுப்பான மைஸ்டரின் கையில் தாள் இருக்க வேண்டும். வரிசையில் நின்று பொதி பண்ணிய எத்தனையோ பேரில் அந்த மேசையை எனக்குத்தான் தந்தார். பெயருக்கு முன்னால் மரியாதைக்குப் பிறவ் போட்டு, பிறவ் கமலா எண்ணினால் திரும்ப எண்ணத் தேவையில்லை என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லுவார். எனக்கு அந்தச் சொல்லில் எவ்வளவு பெருமை என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் நானே அவருக்குத் தொலைபேசி எடுத்து, மூடிய கொம்பனியின் நிலவறையில் அந்தப் பதினேழு வருடத் தாள்களும் கிடக்கின்றன என்று அறிந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போனது அந்தப் பெருமையில்தான். ஊன்ட்றொப் காமாட்சி அம்மன் கோயில் திருவிழாவில் தேர் போன பிறகு கண்டவர் நின்றவர் எல்லோருக்கும் அதைச் சொன்னதும் அதே பெருமைதான்.

இனிக் கேள். 2007 கார்த்திகையில் அப்பாவின் வேலை இங்கே நின்றுபோய், அவர் பேர்லினில் நொய்கெல்னில் ஒரு உணவகத்தில் சமைக்கப் போனார். கிழமை முடிவில்தான் வருவார். எனக்கு வேலை காலை ஐந்து மணிக்கு. உனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு ஏழு. உன்னை எழுப்புவது எவ்வளவு பெரிய அலுவல் என்று உனக்கே தெரியும், மணிக்கூடு அடித்தால் அதை நிற்பாட்டிவிட்டுத் திரும்பப் படுப்பாய். முதற்கிழமையிலேயே இரண்டு நாள் நீங்கள் பள்ளிக்கூடம் போகவில்லை, பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. அடுத்த திங்கள் ஆறு நாற்பதுக்கு நான் குளிரறைக்குப் போகவில்லை. மேலே ஓய்வறைக்குப் போய் ஹாண்டி போனில் வீட்டுக்கு எடுத்தேன். நீ எழும்பி, முகம் கழுவி, தம்பிக்குச் சப்பாத்துப் போட்டு, "அம்மா, கதவைப் பூட்டிட்டன்" என்று சொல்லும் வரைக்கும் வைக்கவில்லை. ஏழு மணிக்குத் தாள் கொடுக்க வேண்டும். சட்டைப் பையில் பேனா இருந்தது. மைஸ்டர் கேள்வி கேட்காத எண் எனக்குத் தெரியும். ஐப்பசியில் வந்த நூற்று முப்பதையே வைத்து, ஒன்று கூட்டி ஒன்று குறைத்து, பார்க்கிறவருக்கு எண்ணியது மாதிரித் தெரிய எழுதிக் கொடுத்தேன். ஒரு நாள் என்று நினைத்துத்தான் செய்தேன். ஈஸ்டருக்கு அப்பா திரும்பி வரும் வரைக்கும் அப்படியே போனது. அது பிழை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். பிள்ளைகளுக்காகச் செய்தேன் என்று சொல்லித் தப்பவும் எனக்கு விருப்பமில்லை, மைஸ்டரிடம் போய் நேரத்தை மாற்றித் தாருங்கள் என்று கேட்டிருக்கலாம், கேட்டால் மேசை போய்விடும் என்று பயந்தேன்.

ஆகவே இறால் அந்த ஈஸ்டரில் துள்ளவில்லை மகள், துள்ளியது உன் அம்மா. அப்பா வந்ததும் நான் திரும்பக் குளிரறைக்குப் போய் எண்ணத் தொடங்கினேன், அவ்வளவுதான் நடந்தது. நீ தள்ளிவிடப் பார்க்கிற அந்தச் சனிக்கிழமை எண்கள்தான் உண்மை, தயவு செய்து அவற்றில் கை வைக்காதே.

இதை வெறும் ஞாபகத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதே, உன் அம்மா இன்னும் எண்ணக்கூடியவள்தான். நீ எல்லோருக்குமாக இணையத்தில் போட்டு வைத்த தாள்களின் படங்களை வெள்ளிக்கிழமை தம்பி கணினியில் திறந்து காட்டினான், இரண்டு பேரும் இருந்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தோம். பேனா எழுபத்தொரு நாள். ஒன்றுகூடச் சனிக்கிழமையில் இல்லை. நத்தார் விடுமுறையில் ஒன்றும் இல்லை, தம்பிக்கு அம்மாள் வருத்தம் வந்து நீங்கள் இருவரும் சுந்தரேஸ்வரி அக்கா வீட்டில் நின்ற கிழமையிலும் இல்லை. பள்ளிக்கூட நாள்களில் மட்டும்தான் பேனா. உன் பழைய பள்ளிக்கூட நாட்காட்டியை எடுத்து வைத்துப் பேராசிரியைக்குக் காட்டு, அவவுக்கு அதைவிடச் சாட்சி தேவைப்படாது. பென்சில் நாள்களை மட்டும் வரிசையாக எழுதிப் பார்த்தேன். கார்த்திகையில் நூற்று முப்பத்தொன்று, நத்தாருக்கு நூற்று முப்பத்தாறு, மாசியில் நூற்று நாற்பத்தொன்று, ஈஸ்டருக்குப் பிறகு நூற்று நாற்பத்தாறு. நீயே பார், மெல்ல மெல்ல ஏறுகிறது. அந்தப் பட்டியலை இதற்குள் வைத்திருக்கிறேன்.

அப்பாவுக்குச் சொன்னபோது அவர், "ஆருக்கப்பா தெரியப்போகுது, எழுபது நாள் இறாலை ஆர் வந்து கேக்கப்போகினம், பிள்ளை சித்திரையில குடுத்து முடிக்கட்டும்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு, இரண்டு நாள் அவருக்குத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுக்கவில்லை. இன்று காலை தானே வந்து, "சரி எழுது, ஆனா உறைப்பா எழுதாதை" என்று முத்திரை எடுத்துத் தந்தார். அவருக்கும் மனம் கேட்கவில்லை. நான் லீவில் நின்ற நாள்களில் அதே மேசையில் எண்ணிய சுந்தரேஸ்வரி அக்காவையும் விடவில்லை, நீங்களும் எப்போதாவது இப்படி எழுதினீர்களா என்று கேட்டேன். "உன்னை மாதிரியே என்னையும் நினைச்சனி, நான் ஒவ்வொண்டா எண்ணினனான்" என்று நல்ல ஏச்சு வாங்கினேன். எனக்கு அது தேவைதான். மற்றப் பதினாறு வருடங்களுக்கும் நாங்கள் இருவரும் பொறுப்பு, எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணத் தயார்.

உன் மூன்றாம் அத்தியாயத்தை நான் உடைத்துவிட்டேன் என்று எனக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத உனக்கு இரண்டு மாதம் இருக்கிறது, நீ எழுதிவிடுவாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, கணக்குப் பரீட்சைக்கு முதல்நாள் புத்தகத்தைத் திறந்து முதலாம் பிள்ளையாக வந்தவள் நீ. மெல்லச் சிறுத்தது என்று சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைக்காதே. நான் அந்த இறாலை ஒவ்வொரு கிழமையும் கையில் வைத்திருந்தேன், சிறுத்துக்கொண்டு போனது எனக்கே தெரியவில்லை, பதினேழு வருடத்துத் தாளை நீ ஒன்றாகப் போட்ட பிறகுதான் தெரிந்தது. அதை எழுது. பேராசிரியை கோபித்தால் என்னுடைய இலக்கத்தைக் கொடு, அவவுக்கு ஜெர்மன் விளங்கும் என்றாயே, நான் கதைக்கிறேன். உன் புத்தகத்தில் என் பெயரைப் போட்டு நன்றி எழுதுவதாகச் சொன்னாய், போடு, ஆனால் எழுபத்தொரு நாள் எண்ணாமல் எழுதினவ என்பதையும் சேர்த்துப் போடு. இந்த வருடத் தேருக்கு நானே எல்லோருக்கும் சொல்லுவேன்.

காலுக்குக் கம்பளி மேசு போடு, கப்பலில் போகும்போது வெறும் வயிற்றோடு ஏறாதே, மீன் எண்ணெய்க் குளிசையை மறக்காதே. காமாட்சி அம்பாள் உனக்கு நல்ல உடம்பும் தெளிந்த புத்தியும் தந்து, எடுத்த காரியத்தை முடித்து வைப்பாள். அப்பாவும் தம்பியும் தங்கள் அன்பைச் சொல்லச் சொன்னார்கள்.

பேராசிரியையைக் காணப் போகும் நாளை எனக்குச் சொல்லு. அன்று காலை ஆறு நாற்பதுக்கு எடுப்பேன். நீ கதவைப் பூட்டிவிட்டேன் என்று சொல்லும் வரைக்கும் வைக்கமாட்டேன்.

எந்நாளும் உன்னை நினைக்கும்
அம்மா
பரராசசிங்கம் கமலநாயகி